இரண்டாம் நம்பருக்குச் சந்தனம் இல்லை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஒரு சபதம் போட்டார். நாட்டுக்காக இல்லை. வீட்டுக்காகவும் இல்லை. சீட்டாட்டத்துக்காக.

கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் அது. நாலு வகைச் சீட்டும் கலைந்து வரும், ஒவ்வொன்றாக இழுத்து அடுக்க வேண்டும். அவர் அதை ஒரு தரம்கூட ஜெயித்தது கிடையாது. ஆனால் அவரோடு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிற சங்கரலிங்கம் அண்ணன் ஜெயித்துவிட்டார். ஜெயித்த படத்தை செல்போனில் பிடித்து, லோடு ஏற்றுகிறவர் வரைக்கும் காட்டிவிட்டார்.

"நாளைக்கு மண்டி லீவு. காலையில உக்காந்தா ஜெயிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்."

"குளிக்கவாவது எந்திரிப்பீகளா?"

"அத அப்பப் பாக்கலாம்."

அவர் குளிக்காமல் இருந்தால் எனக்கு நஷ்டமில்லை. எந்திரிக்காமல் இருந்தால்தான் நஷ்டம். ஏனென்றால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு, மானிட்டர் ஒன்று.

ஒன்றாம் நம்பர் சிபியூ, மண்டிக் கணக்கு எழுத முதலாளி கொடுத்தது. இரண்டாம் நம்பர் எனக்கு வந்த சீர். எங்கள் மகள் திரிஷாவின் காதுகுத்துக்கு என் தம்பி சுருளிப்பட்டியிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். எங்கள் ஊர் கம்பத்தில் ஒரு நெட் கடையை மூடியபோது சிபியூவை மட்டும் மலிவாகப் பிடித்து, தாம்பாளத்தில் உட்காரவைத்து, தலையில் பட்டுத்துண்டு கட்டி, சுற்றிலும் திராட்சைக்குலை அடுக்கி, மேளத்தோடு இறக்கினான். "மானிட்டர் எங்கடா?" என்றால், "தாம்பாளத்துல இடம் இல்லக்கா" என்றான்.

எங்க வீட்டுக்காரர் தேனிக்குப் போய் ஒரு ஸ்விட்ச் பெட்டி வாங்கிவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் அந்தப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியிலிருந்து இரண்டு சிபியூவுக்கும் தனித்தனியாக ஒயர் போகும். முன்னால் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் அவருடையது தெரியும், இரண்டை அமுக்கினால் என்னுடையது. இரண்டு குடும்பத்துக்கு ஒரே குழாய் மாதிரி. குழாயடியில் என்ன நடக்குமோ அதெல்லாம் எங்கள் மேஜையடியிலும் நடந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வேலை வந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்காதான் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுவின் ஆண்டு விழா நோட்டீஸை என்னிடம் கொடுத்திருந்தார்.

"இது நல்லா வந்துச்சுன்னா குழுவோட டைப் வேலை எல்லாம் இனிமே உனக்குத்தான் ஆத்தா. வரலைன்னா பழையபடி பஜார் கடைக்கே போயிருவோம். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போயிறணும்."

நாலு மணிக்கு மேல் ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினுக்குச் சந்தனம் வைத்துவிடுவார். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் பூஜை எடுக்கிறவரை கலெக்டரே வந்து கேட்டாலும் தொடமாட்டார்.

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் எனக்கு ரெண்டாம் நம்பர் வேணும்ங்க," என்றேன்.

"தாராளமா. உன் வேலைதான் முக்கியம்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி உடனே அவர் சரி என்று சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பூஜைப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

காலையில் காபியோடு போனால், மனிதர் மேஜைக்கு முன்னால் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்.

"பூமாரி, மனசத் தேத்திக்க. ரெண்டாம் நம்பர்ல மவுஸ் செத்துப்போச்சு."

"நேத்து நல்லாத்தான ஓடுச்சு?"

"மனுசனே சொல்லிட்டா போறான்?"

உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் நம்பரில் அம்புக்குறி நட்ட நடுவில் நட்டுவைத்த கல்லாக நிற்கிறது. மவுஸை மேஜை முழுக்க இழுத்தும் அசையவில்லை. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு வைத்தியம் பார்த்தார். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். மவுஸைக் கவிழ்த்து வயிற்றில் ஊதினார். ஒயரைக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். மாட்டாஸ்பத்திரியில்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள்.

"பெட்டிக்குள்ள ரெண்டாம் நம்பர் பாதை அடைச்சிருச்சு. மதுரைக்கு அனுப்பணும். லீவு முடிஞ்சு பாக்கலாம்."

"ஒண்ணாம் நம்பர்ல இதே மவுஸ் ஓடுதே?"

"அந்தப் பாதை வேற."

"ரெண்டாம் நம்பர்ல கீபோர்டு ஓடுதே? அதுவும் இதே பெட்டி வழியாத்தான போகுது?"

"கீபோர்டு பாதை அகலம். மவுஸ் பாதை குறுகல். உனக்குச் சொன்னாப் புரியாது."

பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதி போதும். சமையலறை பல்பு எரியாவிட்டால் என்ன செய்வோம்? அதைக் கழற்றி வாசல் ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம். அங்கே எரிந்தால் பல்பு மேல் குற்றமில்லை. அதே கணக்குத்தான் இதுவும். மவுஸ் ஒன்றாம் நம்பரில் ஓடுகிறது, ஆக மவுஸ் நல்ல மவுஸ். இரண்டாம் நம்பரில் எழுத்து அடிக்க முடிகிறது, ஆக பெட்டியும் முழுசாகச் சாகவில்லை. மிச்சம் இருப்பது என் சிபியூவுக்குப் போகிற ஒயர்தான்.

அவர் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போனதும், விளக்குமாறோடு மேஜைக்கு அடியில் புகுந்தேன். பூஜைக்கு ஒட்டடை அடிக்கிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பெட்டியிலிருந்து வருகிற ஒயர் சிபியூவுக்குப் பின்னால் மூன்றாகப் பிரியும். நீலம் மானிட்டருக்கு, ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. நீலம் இருந்தது. ஊதா இருந்தது. பச்சை அதன் ஓட்டையில் இல்லை. வெளியே உருவி, ஓரமாக மடக்கி, மேஜைக் காலோடு வாழைநாரில் கட்டியிருந்தது.

அந்த முடிச்சை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். மண்டியில் வாழைத்தார் கட்டுகிற சுருக்கு. ஒரு நுனியை இழுத்தால் அவிழும், மற்றதை இழுத்தால் இறுகும். எங்கள் வீட்டில் கொசுவலை, அரிசிப் பை, திரிஷாவின் தண்ணீர் பாட்டில் எல்லாமே அந்தச் சுருக்கில்தான் நிற்கின்றன. எலி கடித்தது என்று சொல்லலாம். ஆனால் எலிக்கு முடிச்சுப் போடத் தெரியாது.

கோபம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அதை ஆறவிட்டேன். சண்டை போட்டால் பச்சை ஒயர் கிடைக்கும், நாற்காலி கிடைக்காது. "மண்டிக் கணக்கு அவசரம்" என்று ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்ய? அவரே எழுந்து நாற்காலியைக் கொடுக்க வேண்டும்.

நாரை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பச்சையைப் பச்சையில் குத்தினேன். அதற்குள் ஊசி ஊசியாகக் கம்பிகள் இருக்கும், முரட்டுத்தனமாகத் தள்ளினால் வளைந்துவிடும். திருப்பிப் பார்த்துத் தள்ள வேண்டும். தள்ளியதும் மவுஸ் ஓடிவிடாது. சிபியூவை ஒருதரம் அணைத்துப் போட்டால்தான் மவுஸ் வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். அப்படியே அணைத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சந்தனம் கரைக்கப் போனேன்.

நல்ல நேரத்துக்குப் பாண்டியம்மாள் அக்கா செவ்வந்திப் பூவோடு வந்துசேர்ந்தார். என் கத்திரிக்கோல், தையல் மிஷின், அருவாமனை, இவருடைய கால்குலேட்டர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றாம் நம்பரும் அணைந்து, குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"என்ன தம்பி, மிஷினெல்லாம் நல்லா ஓடுதா?" என்றார் அக்கா.

"ஒண்ணு ஓடுதுக்கா. ரெண்டாவது காலி. எனக்கே பிடிபடலைன்னா பாத்துக்கங்க. கம்பத்துல என்னைய விட்டா இதத் தெரிஞ்ச ஆள் யாரு இருக்கா?"

"அப்ப நோட்டீஸ்?"

"பஜார் கடையிலயே குடுத்துருங்கக்கா. பாவம், பூமாரி என்ன செய்வா."

அக்கா என்னைப் பார்த்தார். பரிதாபப்பட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் நோட்டீஸ் கைமாறிவிடும். கட்டியவரே என் முதல் வேலையைத் தாம்பாளத்தில் வைத்துப் பஜாருக்கு அனுப்புகிறார்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றேன். "ஏங்க, ரெண்டாம் நம்பரையும் பூஜையில வைக்கணுமா?"

"ஓடாததுக்கு எதுக்குச் சந்தனம்? அது இப்ப வெறும் தகரம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெறகு சாமி குத்தம்னு வரக்கூடாது."

"தகரம்னு சொல்றேன்ல. ஓடுற ஆயுதத்துக்குத்தான் பூஜை. என்னக்கா, நான் சொல்றது சரிதான?"

"சரிதான் தம்பி. ஓட்டைக் கலப்பைக்கு யாரு பொட்டு வைக்கிறா?" என்றார் அக்கா.

"அப்ப ஒண்ணாம் நம்பருக்கு உங்க கையாலயே வைங்க," என்றேன்.

எங்க வீட்டுக்காரர் சந்தோஷமாக வைத்தார். சிபியூவுக்கு மேலே மூன்று விரலால் பட்டை. அதை உசுப்புகிற பொத்தானில் மணப்பெண் நெற்றி அளவுக்கு ஒரு உருண்டைச் சந்தனம், நடுவில் குங்குமம். ஸ்விட்ச் பெட்டியில் ஒன்று என்று போட்ட பொத்தானுக்கும் ஒரு பொட்டு. விரலை மானிட்டர் பக்கம் கொண்டுபோனார்.

"அதுல வேணாம். போன வருசம் மவுஸுக்கு அடியில சந்தனம் தடவி, உள்ள இருக்கிற உருண்டை ஒட்டிக்கிட்டு, நாள் முழுக்க ஊக்கு வச்சுச் சுரண்டுனீகளே."

விரலை இழுத்துக்கொண்டார். நான் செவ்வந்திச் சரத்தை ஒன்றாம் நம்பர் கழுத்தில் சுற்றி, இடுப்பில் செருகியிருந்த நாரால் ஒரு சுருக்குப் போட்டேன். சூடம் காட்டி, பொரி கொடுத்து, எல்லாரும் விழுந்து கும்பிட்டோம்.

கும்பிட்டு எழுந்த கையோடு அவர் நாற்காலியை இழுத்தார்.

"எங்கன உக்காரப் போற தம்பி?" என்றார் அக்கா.

"சும்மா, ஒரு சின்ன வேலை."

"பூஜையில வச்சதத் தொடலாமா? நாளைக்குப் பூஜை எடுத்துட்டுல்ல தொடணும்."

"வேலையே இல்லக்கா. விளையாட்டுத்தான்."

"எங்க வீட்டுல அருவாள வச்சு வெளாடுனாலும் திட்டத்தான் செய்வோம்."

அவர் சிபியூவைப் பார்த்தார். உசுப்புகிற பொத்தானில் அவரே வைத்த சந்தனம் காய்ந்து, வெடிப்பு விடாமல் அழகாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே பூச்சரம். பூச்சரத்தில் வாழைநார். அவர் கண் நாரில் போய் நின்றது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் திரிஷாவின் பொரியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் நம்பர் பூஜையில இல்ல பாருங்கக்கா," என்றேன். "அது வெறும் தகரம்னு இவுகளே சொல்லிட்டாக. தகரத்தத் தொட்டா தப்பு உண்டா?"

"தகரத்துல என்ன தப்பு?"

"அப்ப சும்மா ஒருக்காத் தட்டிப் பாக்குறேன்."

இரண்டாம் பொத்தானை அமுக்கிவிட்டு சிபியூவை உசுப்பினேன். இந்த வரிசை முக்கியம். பெட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உசுப்பினால், சில நேரம் மவுஸ் வந்ததே இதற்குத் தெரியாமல் போய்விடும். படம் வந்தது. மவுஸைத் தொட்டேன். அம்புக்குறி சுருளி அருவியில் விழுந்த இலை மாதிரி ஓடியது.

"அட, ஓடுதே தம்பி," என்றார் அக்கா.

"ஓடுதா?" என்றார் அவர். பாவம், ஆச்சரியமும் பட வேண்டும், வருத்தமும் காட்டக்கூடாது. "நான் காலையில ஊதுனேன்ல, அதான். அடைப்பு இப்பத்தான் எடுத்திருக்கு."

"உங்க கைராசி," என்றேன். "கொஞ்சம் திரிஷாவப் பிடிங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒன்றாம் பொத்தானுக்குக் காவல்போல உட்கார்ந்துகொண்டார். நோட்டீஸ் நல்லா வர ஆரம்பித்தது. மேலே கோலம், நடுவில் தலைவி பெயர் கொட்டை எழுத்தில். "என் பேர இன்னும் கொஞ்சம் பெருசாக்கு ஆத்தா" என்று அக்கா சொல்லச் சொல்ல, பாண்டியம்மாள் வளர்ந்து விழாத் தேதியைக் கீழே தள்ளிவிட்டார்.

அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்தார். நடக்கிற நடையிலேயே ஏதோ யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"இந்தா, நான் ஒண்ணாம் பொத்தானத் தொடலை. நல்லாப் பாத்துக்கங்கக்கா."

சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கீபோர்டில் வலது கோடியில் இருக்கிற ஸ்குரோல் லாக் பட்டனை இரண்டு தரம் தட்டினார். பொத்தானைத் தொடாமலே பெட்டி ஒன்றாம் நம்பருக்கு மாறுகிற வித்தை அது. பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.

பெட்டி மாறியது. மானிட்டர் கறுத்துப்போனது.

"ஆத்தாடி, என் பேரு எங்க?" என்றார் அக்கா.

எங்க வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மானிட்டர் போயிருச்சு. பூமாரி, மானிட்டரே போயிருச்சு. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மானிட்டர்ல கீழ என்ன வெளக்கு எரியுது பாருங்க."

"மஞ்சள்."

"செத்திருந்தா அதுவும் எரியாது. உசுரு இருக்கு. பேச ஆள் இல்லாம சும்மா நிக்கிது. ஒண்ணாம் நம்பரத்தான் அணைச்சுப் பூஜையில வச்சிருக்கோமே, அது எப்படிப் படம் அனுப்பும்?"

"அப்ப அத உசுப்பணும்."

"உசுப்புங்க. எந்தப் பொத்தான்னு தெரியும்ல?"

பார்த்தார். உருண்டைச் சந்தனம் அவரைத் திருப்பிப் பார்த்தது. பக்கத்தில் பாண்டியம்மாள் அக்காவும் பார்த்தார். நான் ஸ்குரோல் லாக்கை இரண்டு தரம் தட்டினேன். அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில் வந்து நின்றது.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?" என்றார் சத்தம் இல்லாமல்.

"பெட்டி வாங்கிட்டு வந்த அன்னைக்கே. நான் வர்ற சத்தம் கேட்டதும் சீட்டு மறைஞ்சு மண்டிக் கணக்கு வருமே, பொத்தானத் தொடாம எப்படி மாறுதுன்னு தாள எடுத்துப் பாத்தேன்."

நோட்டீஸைப் பென் டிரைவில் போட்டு அக்காவும் நானும் கிளம்பினோம். ஜெராக்ஸ் கடைக்காரர் அப்போதுதான் சந்தனக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "இதான் கடைசி" என்று வாங்கிப் போட்டார். சூடாக வந்த முதல் தாளை அக்கா முகத்துக்கு நேராகப் பிடித்து, தனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தையான தன் பெயரை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். "பஜார் கடைக்காரன் எனக்குக் கால் போட மறந்து ஒருக்கா பண்டியம்மாள்னு அடிச்சான்," என்றார். "இனிமே எல்லாம் நீதான் ஆத்தா." நடந்து வருகிற வழியில் வேறு சிலதும் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தால் அவர் பொரி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரிஷா அவர் மடியில் தூங்கிவிட்டாள்.

"சரி. இன்னைக்குப் போச்சு," என்றார். "நாளைக்குக் காலையில பூஜை எடுத்ததும் ஒண்ணாம் நம்பர் எனக்குத்தான். நான்தான் அதுல உக்காருவேன். வேற யாரும் உக்காரக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா நீங்கதான் உக்காருவீக," என்றேன். எனக்குப் பொய்ச் சத்தியம் பண்ணிப் பழக்கம் இல்லை.

மறுநாள் சொல்லாமலே குளித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. பூஜையை அவரே எடுத்து, சந்தனத்தைத் தன் துண்டால் துடைத்து, பொத்தான் ஓரத்தைத் தீக்குச்சியால் சுரண்டி, ஒன்றாம் நம்பரை உசுப்பினார். ஜெயிக்கிற படத்தைப் பிடிக்க செல்போனை மானிட்டருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். சீட்டு விரிந்தது.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு ஜோடிச் சத்தம் இல்லை, ஒரு ஊர்வலச் சத்தம். பாண்டியம்மாள் அக்கா முன்னால் வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி. பின்னால் தலையில் பூவோடு குழுவே நின்றது.

"வாத்தியாரே," என்றார் அக்கா. நேற்றுவரை தம்பி, நீ, வா என்றவர். "இன்னைக்கு விசயதசமி, நல்ல நாள். நாங்க எல்லாரும் கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கலாம்னு வந்திருக்கோம். கம்பத்துல உங்கள விட்டாத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னு நீங்களே சொன்னீக. ஒண்ணாம் நம்பர்ல நீங்கதான் உக்காருவீகன்னு பூமாரி சத்தியம் பண்ணியிருக்கா. உக்காருங்க, நாங்க சுத்தி நின்னு பாத்துக்கிறோம்."

சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை நீட்டி, எல்லாரும் சேர்ந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார்கள். கும்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்கிற வாத்தியார் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

அவர் புது வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"எத்தன நாளைக்கு?"

"ரொம்ப நாள் இல்லைங்க," என்றேன். "பாண்டியம்மாள் அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதும் கம்ப்யூட்டர் பாடத்த ஆரம்பிச்சிறலாம்."